பாகுக் கொப்பரையில் நுரை ஏறிய காலை

எங்கள் வீட்டில் கருப்பஞ்சாறு காய்ச்சுகிற நாளில் என்னிடம் எதைக் கேட்டும் பிரயோசனமில்லை. எல்லாவற்றுக்கும் "ம்" என்பேன். எதற்கு "ம்" சொன்னாய் என்று திருப்பிக் கேட்டால் தெரியாது. கொப்பரை கொதிக்க ஆரம்பித்து, ஆவி எழும்பி, கொல்லையில் நிற்கிற முருங்கை மரம் கொஞ்சம் கொஞ்சமாக மறையும்போது நானும் கூடவே எங்கேயோ போய்விடுவேன். மார்கழியில் போடிமெட்டிலிருந்து இறங்கும் பனி எங்கள் கொல்லைவரைக்கும் வந்து நிற்கும். கீழேயிருந்து போன ஆவி எது, மேலேயிருந்து வந்த பனி எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த வெள்ளைக்குள்ளே அகப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

"உங்கம்மா கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்குறா பாரு" என்று என் வீட்டுக்காரர் மகனிடம் சொல்வார். தூக்கமில்லை அது. சின்ன வயதிலிருந்தே எனக்கு இப்படித்தான். எது கொதித்தாலும் பார்த்துக்கொண்டே நிற்பேன். சோற்றுப் பானையானாலும் சரி, டீக்கடைப் பால் சட்டியானாலும் சரி. போடி பஸ் ஸ்டாண்டில் பால் காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்று, கண் முன்னாலேயே தேவாரம் பஸ்ஸைப் போகவிட்டவள் நான். கண்டக்டர் பெயர் சொல்லாத குறையாகக் கூப்பிட்டாராம். எனக்குக் கேட்கவே இல்லை.

தேவாரம் போகிற வழியில் எங்களுக்கு இருக்கிற வயலில், வாய்க்கால் ஓரமாக ஒரு துண்டு இடத்தில் மட்டும் கரும்பு நிற்கும். ஆலைக்கு அனுப்புகிற அளவுக்குக் காணாது. சும்மா விடவும் மனசு வராது. சில வருஷம் யானை இறங்கி வந்து அதன் பங்கைத் தின்றுவிட்டுப் போகும். அது மிச்சம் வைத்ததை வெட்டிக்கொண்டு வந்து நாங்கள் பாகு காய்ச்சுவோம். வெல்லம் பிடிப்பதென்றால் ஆள் வேண்டும், அச்சு வேண்டும், பெரிய அடுப்பு வேண்டும். பாகுக்கு ஒரு கொப்பரையும் பொறுமையும் போதும். வெல்லப் பதத்துக்கு வெகு முன்னாலேயே, அகப்பையிலிருந்து தேன் மாதிரி இழுத்துக்கொண்டு விழும்போதே இறக்கிவிடுவோம். பாட்டில்களில் ஊற்றி வைத்தால் தோசைக்கும் ஆப்பத்துக்கும் வருஷம் முழுக்க வரும். மழைக்காலத்தில் சுக்கு தட்டிப் போட்டு, வெந்நீரில் ஒரு கரண்டி பாகு கலந்து குடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும்.

கரும்பை எங்கே கொடுத்துப் பிழிவது என்பதுதான் முன்பெல்லாம் பெரிய பாடாக இருந்தது. இப்போது அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தள்ளுவண்டியில் கரும்பு ஜூஸ் விற்கிறவரை ஒரு நாளைக்கு வீட்டுக்கே கூப்பிட்டுவிடுவோம். மோட்டார் வைத்த மிஷின். கொல்லை வாசல் பக்கம் நிறுத்தி, விடியற்காலையிலேயே பிழிய ஆரம்பித்துவிடுவார். பழக்க தோஷத்தில் ஒவ்வொரு குடத்துக்கும் "இஞ்சி, எலுமிச்சம்பழம் போடவாக்கா?" என்று கேட்பார். நானும் ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்பேன். அவர் கொஞ்சம் ஏமாந்த மாதிரி தலையாட்டுவார்.

சாறு அடுப்பில் ஏறினால் முதலில் வருவது நுரையில்லை, அழுக்கு. பச்சையும் சாம்பலுமாக, போர்வை போர்த்தின மாதிரி மேலே வந்து படியும். வெண்டைச் செடித் தண்டை நசுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தக் கொழகொழப்பை ஊற்றினால் அழுக்கெல்லாம் ஒன்று சேர்ந்துகொள்ளும். கண்கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு வெள்ளை நுரை. அது சாது. தானாகப் பொங்கித் தானாக உடையும். அந்த நேரத்தில்தான் நான் காணாமல் போவது. குமிழி ஒன்று வந்து, வட்டமாக விரிந்து, அதற்குள் முருங்கைக் கிளை தெரிந்து, உடைந்து, இன்னொன்று வந்து, அதிலும் கிளை தெரிந்து. அப்படியே வெயில் ஏறிவிடும்.

கடைசி நுரைதான் மோசக்காரி. சாறு சுண்டி, தேன் நிறம் வந்ததும் நுரையும் நிறம் மாறிவிடும். மஞ்சளாக, பொடிப் பொடியாக, கெட்டியாக எழும்பும். இப்போதுதான் பார்த்தோம், அடியில் கிடந்ததே என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் விளிம்பில் வந்து நிற்கும். விறகை வெளியே இழுப்பதற்குள் பாதிப் பாகு அடுப்புக்குப் போய்விடும். அதற்குத்தான் விளக்கெண்ணெய். கொப்பரையின் உள்பக்கம், விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, துணியில் எண்ணெய் தொட்டுச் சுற்றிலும் ஒரு கோடு இழுத்துவிடுவோம். சாதாரணமாக ஏறுகிற நுரை அந்தக் கோட்டைத் தொட்டதும் படிந்துவிடும். அதையும் மீறி வந்தால் நடுவில் இரண்டு சொட்டு விடவேண்டும். அவ்வளவுதான். ஆளுயரத்துக்குக் கோபத்தில் எழுந்த நுரை, அந்த இரண்டு சொட்டில் முகம் வாடி உட்கார்ந்துவிடும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது ஆச்சரியம்தான். கூடுதலாக விட்டால் பாகின் மேல் எண்ணெய் மினுங்கும். பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் வயிற்றுக்குப் பேதி மருந்து குடித்த ஞாபகம் வரும்.

என் வீட்டுக்காரருக்குச் சோலி ஏலக்காயோடு. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. வாரத்தில் பாதி நாள் மேலே, பாதி நாள் கீழே. அவர் சட்டையைத் துவைத்த தண்ணீர்கூட மணக்கும். எதுவும் வீணாகக் கூடாது அவருக்கு. தரையில் ஒரு காய் சிந்திக் கிடந்தால் குனிந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்ட பிறகுதான் அடுத்த பேச்சு. பாகு காய்ச்சும் நாளில் மட்டும் எங்கும் போகமாட்டார். கொல்லையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, கொப்பரையைக் காவல் காப்பார். கிண்டுவது நான், கவலைப்படுவது அவர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

போன சித்திரையில் எங்கள் மகன் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றான். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். மாலையும் கழுத்துமாக வாசலில் வந்து நின்றபோதுதான் எங்களுக்கே தெரியும். பெண் மலைக்காரி. மேலே எஸ்டேட்டில் காய் எடுக்கிற குடும்பம். எங்கள் தோட்டத்துக்கும் அவர்கள் வேலைக்கு வந்து போயிருக்கிறார்கள். எனக்கும் அன்றைக்குக் கோபம்தான். ஆனால் அந்தப் பெண் வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வையில் என் கோபம் ஆறிப்போனது. குளிரில் நடந்து வந்தவள் அடுப்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். ஆரத்தி கரைக்க உள்ளே ஓடினேன்.

அவருக்கு ஆறவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?" என்று மகனிடம் கேட்டார். "வேலைக்கு வர்ற வீட்டுல போயி…" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லி, பாதியில் நிறுத்திவிட்டார். இரண்டில் எது பெரிய கோபம் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. மகனோடு சீக்கிரமே பேச ஆரம்பித்துவிட்டார். பேசாமல் இருந்தால் காய் யார் கொண்டுபோய்க் கொடுப்பது, ஜீப்பு யார் ஓட்டுவது. மருமகளோடு மட்டும் பேச்சில்லை.

பேச்சில்லை என்றால் சண்டையும் இல்லை. எல்லாம் என் வழியாகப் போகும். அவள் டம்ளரை நீட்டி, "மாமா, காப்பி" என்பாள். வாங்கிக்கொள்வார். ஒரு மடக்குக் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "சீனி பத்தலைன்னு சொல்லு" என்பார். கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு அவள், "போட்டுக் கொண்டு வர்றேன்னு சொல்லுங்க அத்தே" என்பாள். நான் நடுவில் டெலிபோன் கம்பம் மாதிரி நிற்பேன். கம்பத்துக்குக்கூட ஓய்வு உண்டு. நான் குளிக்கப் போனால் வெளியே இரண்டு பேரும் எனக்காகக் காத்திருப்பார்கள்.

ஆரம்பத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது. "இன்னைக்கு மாமாவோட எத்தன வார்த்த பேசினீங்க, அதுல எனக்கானது எத்தன?" என்று அவளே கேட்டுச் சிரிப்பாள். ஐப்பசி மழை பிடித்தபோது ஒரு நாள் துவைகல் பக்கம் போனேன். அழுதுகொண்டிருந்தாள். துவைக்கிற தண்ணீர் முகத்தில் தெறித்ததாகச் சொன்னாள். நான் நகரவில்லை. துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "அத்தே, மாமா ஒரு தடவ வஞ்சாக்கூட சாரமில்ல. எங்க வீட்டுல எங்கப்பா டெய்லி வைவாரு. இங்க நான் நிக்கிறேன், ஆனா நான் இல்ல. அப்படி இருக்கு."

சாரமில்லை என்பது மலைக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு. பரவாயில்லை என்று அர்த்தம். எதற்கெடுத்தாலும் அதைச் சொல்வாள். அன்றைக்கு அந்த வார்த்தை என்னைக் குத்தியது. தை பிறந்ததும் மேலே எஸ்டேட்டுப் பக்கமே ஒரு வீடு பார்த்துப் போய்விடலாம் என்று மகனிடம் சொல்லியிருக்கிறாள். அவனும் தலையாட்டிவிட்டான். அதையும் அவளே என்னிடம் மறைக்காமல் சொன்னாள். ஒரே பிள்ளை. அவன் போவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். இந்தப் பெண் வந்த பிறகுதான் என் வீட்டில் நான் சொல்வதைக் கேட்டுச் சிரிக்க ஓர் ஆள் இருந்தது. அவள் போய்விட்டால் மறுபடி நானும் கொதிக்கிற பானையும்தான்.

அவரிடம் சொன்னேன். "போகட்டும்" என்றார். சொல்லிவிட்டு வெகு நேரம் அந்த இடத்திலேயே நின்றார்.

இப்படியே மார்கழி வந்து, கரும்பு வெட்டி, கொப்பரையும் ஏற்றியாகிவிட்டது. அன்றைக்கு மகன் ஏல மையத்துக்குக் காய் கொண்டுபோயிருந்தான். வீட்டில் நாங்கள் மூன்று பேரும், வெளியே மிஷின்காரரும். பனி அன்றைக்கு வழக்கத்துக்கு மேலே. மேற்கே மலை இருக்கிற இடமே தெரியவில்லை. மலையில்லாத ஊரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. மிஷின் சத்தம் ஒரு பக்கம் தாலாட்டுகிறது. வெந்த கரும்பு வாசனை, ஈர விறகு வாசனை, எல்லாவற்றுக்கும் அடியில் எப்போதும் போல ஏலக்காய். அகப்பை என் கையில் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அங்கே இல்லை.

"அத்தே, ஏறுது" என்று மருமகள் தோளைத் தொட்டாள். நான் சுதாரித்துப் பார்ப்பதற்குள் அவளே விளக்கெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து, விரலில் தொட்டு, ஒரு சொட்டு விட்டாள். நுரை இறங்கியது. அடுத்த தடவையும் அப்படியே. எனக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரிந்தது. நுரை நிறம் மாறும்போதே கை பாட்டிலுக்குப் போய்விடும்.

கட்டிலில் இருந்து சத்தம் வந்தது. "எண்ணெய அளவா விடச் சொல்லு."

"அளவாத்தான் விட்டேன்னு சொல்லுங்க அத்தே."

"வெறகை கொஞ்சம் வெளிய இழுக்கச் சொல்லு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் இழுத்துவிட்டாள். நான் எதையும் சொல்லவில்லை. நான் சொல்லாமலே பேச்சு என் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

கடைசிக் குடமும் கொப்பரைக்குப் போன பிறகு, மிஷினைக் கழுவித் துடைத்துவிட்டு மிஷின்காரர் வண்டியைக் கிளப்பப் பார்த்தார். வாசலில் யாரோ ஜீப்பை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். வண்டி வெளியே போகாது. "அக்கா, கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட்டார். இரண்டாவது தடவை ஏற்றிய சாறு அப்போதுதான் தேன் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. அகப்பையை மருமகளிடம் கொடுத்தேன். "வெரசா வந்துர்றேன், பாத்துக்கோ" என்றேன். சரி என்று தலையாட்டினாள். எண்ணெய்ப் பாட்டில் அவள் காலடியிலேயே இருந்தது.

ஜீப்புக்காரரைத் தேடிப் பிடித்து, ஜீப்பை நகர்த்தச் சொல்லி, மிஷின்காரரை அனுப்பிவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் வந்தேன். விறகு அடுக்கியிருக்கிற மூலையில் திரும்பியதும் நின்றுவிட்டேன்.

நுரை எண்ணெய்க் கோட்டைத் தாண்டிவிட்டது. மஞ்சளாக, கெட்டியாக, கொப்பரைக்குள்ளேயிருந்து ஒரு தலை எழும்புகிற மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. மருமகள் அதற்கு எதிரே நிற்கிறாள். ஒரு கையில் அகப்பை. இன்னொரு கையில் எண்ணெய்ப் பாட்டில். பாட்டிலுக்கு மூடி இல்லை. மூடியைக் கழற்றி இடுப்பில் செருகியிருந்தாள். அவள் கொப்பரையைப் பார்க்கவில்லை. ஆவிக்கு அந்தப் பக்கம் கட்டிலில் உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் கட்டிலின் விளிம்புக்கு வந்துவிட்டார். கண் நுரையில் இருக்கிறது. வாய் என்னைத் தேடுகிறது. "இந்தா… எங்க போனா இவ? ஏய், எங்கடி இருக்க?"

நான் பத்தடி தூரத்தில்தான் இருந்தேன். "எண்ணெய விடு" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். பயம் இருந்தது. பிடிவாதமும் இருந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

நுரை விளிம்பில் ஒரு நொடி நின்றது. எனக்கு அந்த நொடி போகவே இல்லை. பனிக்குள்ளே நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு இடத்தில், ஒருத்தரும் அசையாமல், அந்த மஞ்சள் நுரை மட்டும் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து வழிந்தது. அடுப்பில் விழுந்து சுர்ரென்று சத்தம் எழுந்தது. கருகின இனிப்பு வாசனை கொல்லை முழுக்கப் பரவியது.

அவர் எழுந்துவிட்டார். துண்டு கீழே விழுந்தது. "எண்ணெய விடு ஆத்தா, எண்ணெய விடு. வெறகை இழு. தள்ளி நின்னுக்க ஆத்தா, கால்ல பட்டுறப் போகுது."

அவள் விட்டாள். இரண்டே சொட்டு. நுரை முகம் வாடி உட்கார்ந்தது. அடுப்பில் மட்டும் கொஞ்ச நேரம் சுர்சுர்ரென்று கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

அவருக்கு அப்போதுதான் தான் பேசியது தன் காதில் விழுந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பெற்ற மகளைத்தான் 'ஆத்தா' என்று கூப்பிடுவார்கள். எங்களுக்கு மகள் கிடையாது. அவர் வாயில் அந்த வார்த்தையை அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. குனிந்து துண்டை எடுத்தார். உதறினார். மறுபடியும் உதறினார். அதில் ஒரு தூசியும் இல்லை.

"கை சுட்டுக்கிச்சா?"

"இல்ல மாமா. சாரமில்ல."

"பாத்துக்கிட்டுத்தானே நின்ன. ஏன் எண்ணெய விடல?"

அவள் முகத்தைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு சொன்னாள்: "பொங்கினா நல்லதுன்னு அத்தே சொல்லியிருக்காங்க மாமா."

சொல்லியிருக்கிறேன்தான். அவர்கள் வந்த புதிதில் பின்கட்டை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்து, புது அடுப்பு வாங்கி, நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். பால் ஏறியதும் அவள் பதறிப்போய் அடுப்பை அணைக்கப் போனாள். நான் கையைப் பிடித்துக்கொண்டு, "விடு, பொங்கி வழியட்டும், அதுதான் இந்த வீட்டுக்கு நல்லது" என்றேன். பால் கிழக்கே வழிந்தது. குலவை போட நான் ஒருத்திதான். அவர் அன்றைக்கு வேண்டுமென்றே விடியலிலேயே ஜீப்பேறி மலைக்குப் போய்விட்டார். பொங்க விடவேண்டியது எது, பொங்க விடக்கூடாதது எது என்று தெரியாமல் ஒரு புது மருமகள் பாகைப் பொங்கவிடுவது எங்கள் ஊரில் நடக்கக்கூடிய தப்புதான். யாரும் நம்புவார்கள். காலையிலிருந்து அவள் எண்ணெய் விட்டதைப் பார்த்தவர்களைத் தவிர.

"அது பாலு ஆத்தா" என்றார் அவர். "இது பாகு. பாலு பொங்கினா நல்லது. பாகு பொங்கினா அடுப்பெல்லாம் எறும்பு."

"தெரியாமப் போச்சு மாமா."

"இங்க வா. இந்த நெறம் வருதுல்ல, இதுக்கு அப்புறம் கண்ணை எடுக்கவே கூடாது." அகப்பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். உயரத் தூக்கி ஊற்றிக் காட்டினார். காற்றுப் பட்டால் நுரை எப்படித் தணியும், எண்ணெய் அதிகமானால் என்ன ஆகும், எந்த விறகு நின்று எரியும், எந்த விறகு குபீரென்று எரிந்து மோசம் பண்ணும் என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாம் அவளுக்குத் தெரிந்தவை. பாதி, நான் அவளுக்குச் சொன்னவை. அவள் ஒவ்வொன்றுக்கும் "அப்படியா மாமா" என்று கேட்டுக்கொண்டாள். இத்தனை மாதம் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அவர் நுரையைச் சாக்காக வைத்துப் பேசித் தீர்க்கிற மாதிரி இருந்தது. நான் விறகுக்குப் பக்கத்தில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புகை என்று யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு என் ஞாபகமே இல்லை.

பாகு இறங்கி, ஆறி, பாட்டில்களில் ஊற்றி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. பனி விலகி மலை மறுபடி அதன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. பாகு இந்தத் தடவை நிறம் கொஞ்சம் கூடுதல், ஒரு சின்னக் கருகல் வாசனை வேறு. பின்கட்டில் மருமகள் போனில் அவள் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். மலையில் சிக்னல் சரியாகக் கிடைக்காது, அதனால் சத்தமாகப் பேசுவாள். "அம்மா, கேக்குதா? மாமா இன்னைக்கு என்னைய வஞ்சாரும்மா. ஆமா, என்னையத்தான். நேரா என்னையப் பாத்து." பரிசு வாங்கின செய்தியைச் சொல்கிற மாதிரி சொன்னாள். அந்தப் பக்கம் அவள் அம்மா என்ன கேட்டாளோ. "இல்லம்மா, தை பெறந்தா நாங்க எங்கயும் வரல. இங்கதான்" என்றாள்.

கட்டிலில் படுத்திருந்த அவருக்கும் அது கேட்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் கொப்பரையின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு மனசு அவ்வளவு லேசாக இருந்தது. இவரை நாங்கள் இரண்டு பெண்களும் சேர்ந்து எப்படி மடக்கினோம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். சிரிப்பு கொஞ்சம் வெளியேயும் வந்துவிட்டது போல.

"என்ன சிரிப்பு?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"ஒண்ணுமில்ல. பாவம், அந்தப் புள்ளைக்கு நுரையைப் பத்தி ஒண்ணும் தெரியலையே, எல்லாம் சொல்லிக் குடுக்க வேண்டியதாப் போச்சேன்னு நெனச்சேன்."

"தெரியாம என்ன? மூடியைக் கழட்டி இடுப்புல வச்சுக்கிட்டுத்தானே நின்னா."

வழித்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

"நீயும் வெறகு மூலையில வாயைப் பொத்திக்கிட்டு நின்ன."

"பாத்தீங்களா?"

"பாக்காம?"

"பெறகு எதுக்குங்க அந்தக் கத்து கத்துனீங்க?"

அவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் மறுபடி கொப்பரையை வழிக்க ஆரம்பித்தபோதுதான் சொன்னார்.

"வேற எப்படிடி நான் ஆரம்பிக்கிறது. அது பொங்கட்டும்னு நானுந்தான் காத்துக்கிட்டு இருந்தேன்."